டியூப் இல்லாமல் காற்று நிற்குமா?

மலைப்பாதையில் சைக்கிளில் வேகமாக இறங்குகிறீர்கள். முன்சக்கரம் ஒரு பாறை விளிம்பில் மோதுகிறது. முள்ளும் இல்லை, ஆணியும் இல்லை. ஆனால் காற்று போய்விடுகிறது. டியூபைக் கழற்றிப் பார்த்தால், பாம்பு கடித்தாற்போல் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு துளைகள்! டயர் நசுங்கிய கணத்தில், பாறைக்கும் ரிம்முக்கும் இடையே டியூப் அகப்பட்டுக்கொண்டதே காரணம். காற்றை இறுக்கமாக அடித்தால் இதைத் தவிர்க்கலாம். ஆனால் அப்போது சக்கரம் கல்லுக்குக் கல் துள்ளும். வளைவில் பிடிப்பு இழந்து ஆளையே கீழே தள்ளிவிடும்.

டியூபையே எடுத்துவிட்டால் என்ன? 1999-இல் மாவிக், ஹட்சின்சன், மிஷலின் ஆகிய பிரெஞ்சு நிறுவனங்கள் இம்முறையை மலைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்தன. டியூபுடன் சதுர அங்குலத்துக்கு 35 பவுண்டு அழுத்தம் வைப்பவர், இதில் 25 பவுண்டுக்கு இறங்கலாம். டயர் தரையோடு படிந்து உருளும்.

டயர், ரிம் இரண்டும் இதற்கென்றே செய்யப்பட்டவையாக இருக்கவேண்டும். ரிம்மில் ஆரக்கம்பிகளுக்கான துளைகள் உண்டல்லவா? ரிம்மைத் துடைத்து உலர்த்தி, காற்றுப் புகாத நாடாவை இழுத்து ஒட்டி அவற்றை மூடுங்கள். அதில் சிறு சுருக்கம் இருந்தாலும் பிறகு தொல்லைதான். வால்வைப் பொருத்தி, திருகைக் கையாலேயே இறுக்குங்கள்.

இனி டயரை மாட்டிக் காற்று அடிக்கவேண்டும். கடினமான கட்டம் இதுதான். டயரின் ஓரம் ரிம்மின் பள்ளத்தில் தளர்வாகக் கிடப்பதால், அடிக்கும் காற்று இடைவெளி வழியே ஓடிவிடும். கசிவதைவிட விரைவாகக் காற்று உள்ளே போனால்தான் ஓரம் மேலேறி உட்காரும். ஆகவே வால்வின் உள்ளூசியைக் கழற்றிவிட்டு அடியுங்கள். ஓரத்தில் சோப்பு நீர் தடவினால் எளிதில் வழுக்கும். ‘டப், டப்’ என்று ஒலி கேட்டால் உட்கார்ந்துவிட்டது எனலாம். கேட்கவில்லையே என்று, டயரிலும் ரிம்மிலும் குறித்துள்ள உச்ச அழுத்தத்தை ஒருபோதும் தாண்டாதீர்கள். டயர் ரிம்மை விட்டு வெடித்துத் தெறித்தால் கண்ணுக்கும் காதுக்கும் ஆபத்து.

பிறகு காற்றை இறக்கி, வால்வு வழியே ஏறத்தாழ 100 மில்லி அடைப்புத் திரவம் ஊற்றி, ஊசியை மாட்டி மீண்டும் காற்றடியுங்கள். சக்கரத்தைப் பல பக்கமும் சாய்த்துச் சுழற்றினால் திரவம் எங்கும் பரவும்.

இத்திரவம் பலவற்றில் இருப்பது நமக்குத் தெரிந்த ரப்பர் பால்தான்! கன்னியாகுமரி மாவட்டத் தோட்டங்களில் மரத்தைச் சீவினால் வடியும் பால், சில மணி நேரத்தில் உறைந்து காயத்தை அடைத்துக்கொள்கிறது. டயரிலும் அதுவே நிகழ்கிறது. முள் குத்தியதும் காற்றுடன் பால் துளைக்குள் பாய்கிறது. அதிலுள்ள நுண்துகள்கள் அங்கே சிக்க, ரப்பர் திரண்டு அடைக்கிறது. குப்பியிலேயே உறைந்துவிடாதபடி அம்மோனியா காக்கிறது.

ஆயினும் திரவம் நாளடைவில் உலர்ந்துபோகும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். பெரிய கிழிசலை அது அடைக்காது. எனவே பையில் ஒரு டியூப் இருக்கட்டும். அதை மாட்டுமுன் டயரின் உட்புறத்தைக் கவனமாகத் தடவிப் பாருங்கள். நீங்கள் அறியாமலே குத்தி அடைபட்ட முட்கள் பல அங்கே காத்திருக்கும்!