பெங்களூர் எம்.பி.யும் நம் ஊர் ரயில் பாதையும்

மைசூரில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் இன்று இங்கேயே ரயில் ஏறி, நடுவில் வண்டி மாறாமல், மதுரையிலோ தூத்துக்குடியிலோ போய் இறங்குகிறோம். இந்த வசதிக்குக் காரணமானவர்களில் முக்கியமானவர் சி. கே. ஜாபர் ஷெரீப். பெங்களூர் வடக்குத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராக நெடுங்காலம் இருந்தவர். ரயில்வேயில் பொறியாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் அவரைப் பற்றிச் சில விவரங்களை வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

சித்ரதுர்கா மாவட்டம் சள்ளகெரேயில் 1933ஆம் ஆண்டு பிறந்த ஷெரீப், நிஜலிங்கப்பாவின் நிழலில் அரசியல் பயின்றவர். 1969இல் காங்கிரஸ் பிளவுபட்டபோது தலைவரை விட்டு இந்திரா காந்தியின் பக்கம் சென்றார். 1971இல் கனகபுரா தொகுதியில் வென்று முதன்முறையாக மக்களவைக்குப் போனார். 1977 முதல் 1991 வரை பெங்களூர் வடக்கில் தொடர்ந்து ஐந்து தேர்தல்களில் வெற்றி. 1998இலும் 1999இலும் மீண்டும் வெற்றி. ஆக மொத்தம் எட்டு முறை எம்.பி.

மாநகரத் தொகுதி ஒன்றை இவ்வளவு காலம் தக்க வைத்துக் கொள்வது எளிதல்ல. கன்னடம், தமிழ், உருது, தெலுங்கு என்று பல மொழி பேசுவோர் அங்கே வாக்களிக்கிறார்கள். ஒவ்வொரு தேர்தலுக்குள்ளும் புதிய குடியிருப்புகள் முளைத்துவிடும். ஒரு சாதியையோ ஒரு மொழியையோ மட்டும் நம்பி அங்கே கரையேற முடியாது.

1980இல் அவர் ரயில்வே இணை அமைச்சரானார். அந்தக் காலத்தில், 1984இல், எலகங்காவில் சக்கரம் மற்றும் அச்சுத் தொழிற்சாலை திறக்கப்பட்டது. திட்டம் அவருக்கு முன்பே உருவானதுதான். ஆனாலும், அதுவரை ரயில் சக்கரங்களில் பெரும் பகுதியை வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த நாடு, பழைய இரும்பை உருக்கித் தானே வார்க்கத் தொடங்கியது பெரிய மாற்றம்.

1991இல் நரசிம்ம ராவ் அமைச்சரவையில் ரயில்வே அமைச்சரானார். 1992இல் 'ஒரே அகலப் பாதை' திட்டம் வேகம் பிடித்தது. தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலம் மீட்டர் கேஜில் 1000 மி.மீ.; அகலப் பாதையில் 1676 மி.மீ. சென்னையிலிருந்து பெங்களூர் வரை அகலப் பாதை, அங்கிருந்து மைசூருக்கு மீட்டர் கேஜ். எனவே மூட்டை முடிச்சுகளோடு வண்டி மாற வேண்டும். சரக்கானால் ஒரு வேகனிலிருந்து இறக்கி இன்னொன்றில் ஏற்ற வேண்டும். கூலியும் போகும், நாளும் போகும், பொருளும் சேதமாகும். மைசூர்-பெங்களூர் பாதை அவர் அமைச்சராக இருந்த காலத்தில் அகலமாயிற்று. ஓசூர், தர்மபுரி வழியாகச் சேலம் செல்லும் பாதையும் 1990களில் மாறியது.

குறை சொன்னவர்களும் உண்டு. பாதை மாற்றம் என்பது தண்டவாளத்தைத் தள்ளிப் போடும் வேலையல்ல. பாலங்களைப் பலப்படுத்த வேண்டும், ஸ்லீப்பர்களை மாற்ற வேண்டும், நடைமேடைகளைத் திருத்த வேண்டும். அதற்குள் வண்டிகள் நின்றுவிடும். செங்கோட்டை-புனலூர் பாதை 2010இல் மூடப்பட்டு 2018இல்தான் திறந்தது. பெரிய ஊர்களுக்குக் கிடைத்த நன்மைக்குச் சின்ன ஊர்கள் காத்திருந்து விலை கொடுத்தன என்பதையும் மறைக்கக் கூடாது.

அமைச்சராக இருந்தபோது ஊழியர்களை லண்டனுக்கு அழைத்துச் சென்றது குறித்து அவர் மீது சி.பி.ஐ. வழக்குத் தொடர்ந்தது. 2012இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இதற்கிடையே 2004 தேர்தலில், மிசோரத்தில் பிறந்த ஓய்வு பெற்ற போலீஸ் அதிகாரி எச். டி. சாங்லியானாவிடம் தோற்றார். பல முறை வென்றவரையும் வீட்டுக்கு அனுப்பி, எங்கிருந்தோ வந்தவரையும் தேர்ந்தெடுக்கும் ஊர் பெங்களூர்! 2018 நவம்பர் 25 அன்று ஷெரீப் பெங்களூரில் காலமானார்.

நம்மில் பலர் பிழைப்புக்காக இங்கு வந்தவர்கள். ஊர்ப் பாசம் காரணமாகத் தமிழ்நாட்டுத் தேர்தல் செய்தியை வரி விடாமல் படிக்கிறோம். ஆனால் நம் தண்ணீரும் சாலையும் ரயிலும் இங்குள்ள உறுப்பினரின் கையில் இருக்கின்றன. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டுக் கேட்டு வருபவரிடம், எந்த மொழிக்காரர் என்று கேட்பதை விட, எந்த வேலையை எந்த ஆண்டுக்குள் முடிப்பீர்கள் என்று கேளுங்கள்.