தசையின் சொல்லும் யந்திரத்தின் செயலும்

நடத்தல் என்பது நாம் நினைத்துப் பாராமலே நாள்தோறும் செய்துவரும் ஒரு காரியம். குழந்தைப் பருவத்தில் விழுந்தெழுந்து கற்றுக்கொண்ட பின்னர் அதைப் பற்றிச் சிந்திப்பவர் மிகச் சிலரே. பக்கவாதத்தாலோ, முதுகுத்தண்டிற்பட்ட அடியாலோ, தசைகளை மெலிவிக்கும் நோயாலோ நடை நின்றுபோன வீட்டில்தான் அதன் மதிப்பு விளங்குகின்றது. மிதிகட்டையை அழுத்தும் கால் செயலிழந்தால் தறி நின்றுவிடுகின்றது. வரப்பில் ஊன்றும் கால் தளர்ந்தால் பயிர்த்தொழில் பிறர் கையை எதிர்பார்க்க நேர்கின்றது. தளர்ந்த காலுக்குத் துணைசெய்ய விஞ்ஞானிகள் மேற்கொண்டுள்ள ஒரு முயற்சியை நமது அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம் எனக் கருதி, அதனை இங்கே இயன்றவரை எளிமையாக விளக்க முற்படுகின்றோம்.

உடலின் மேற்பூணும் சட்டகம்

மனிதனுக்கு எலும்பு உள்ளே இருக்கின்றது. நண்டுக்கும் வண்டுக்கும் உடலைத் தாங்கும் கூடு வெளியே இருக்கின்றது. அக்கூட்டைப்போல மனிதன் தன் இடுப்பிலும் கால்களிலும் வெளிப்புறமாக அணிந்துகொள்ளும் யந்திரமே புறச்சட்டகம் எனப்படும். இடுப்பு, முழங்கால் முதலிய மூட்டுகளின் பக்கத்தில் அமைந்த மோட்டார்கள், கால் மடங்கவும் நீளவும் உதவுகின்றன.

இவ்வெண்ணம் புதிதன்று. அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியார் 1965-ஆம் ஆண்டில் ஹார்டிமேன் என்னும் பெரிய சட்டகம் ஒன்றை உருவாக்கத் தொடங்கினர். அதன் எடை சுமார் 680 கிலோ. அதன் ஒரு கை மட்டுமே ஒழுங்காக வேலை செய்தது. முழு யந்திரத்தையும் இயக்கியபோது அது கட்டுக்கடங்காமல் அசைந்தது. ஆகையால் மனிதனை உள்ளே நிறுத்தி முழுமையாக இயக்கிப் பார்க்கவே இல்லை. யந்திரத்திற்கு வலிமை இருந்தால் மட்டும் போதாது, அணிந்தவனின் எண்ணத்தை அறிந்து அதற்கு இசைந்து நடக்கவும் வேண்டும் என்பதே அம்முயற்சி புகட்டும் பாடமாகும்.

அவ்வெண்ணத்தை யந்திரம் எங்ஙனம் அறியும்? இதுவே நமது கட்டுரையின் மையமான கேள்வி.

தசை பேசும் மொழி

மூளையின் கட்டளை நரம்பு வழியே தசையை அடையும்போது தசையில் நுண்ணிய மின்சாரம் தோன்றுகின்றது. தவளையின் காலைக்கொண்டு செய்த சோதனைகளை இத்தாலியரான கால்வானி 1791-ஆம் ஆண்டில் வெளியிட்டார். மனிதன் தானாக விரும்பித் தசையை இறுக்கும்போதும் அம்மின்சாரம் எழுகின்றது என்பதை ஜெர்மானியரான டு புவா-ரேமோன் 1849-இல் கருவி கொண்டு காட்டினார். தோல் மின்சாரத்தைத் தடுத்தமையால் அவர் தோலைக் கொப்புளிக்கச் செய்து நீக்க வேண்டியிருந்தது. இக்காலத்தில் அத்தகைய துன்பம் இல்லை. தோலைத் துடைத்துச் சிறு வெள்ளி வில்லைகளை ஒட்டினாலே போதும்.

தோலின்மேல் கிடைக்கும் இச்சமிக்ஞை மிகமிக மெல்லியது. கைவிளக்கிலிடும் ஒரு பாட்டரிக்கட்டை 1.5 வோல்ட் தருகின்றது. தசையின் சமிக்ஞையோ ஒரு வோல்ட்டை ஆயிரம் பங்காக்கினால் அவற்றுள் சில பங்குக்கு மேற்படுவதில்லை. நமது வீடுகளில் ஓடும் மின்சாரம் விநாடிக்கு 50 முறை திசை மாறித் திரும்புகின்றது. அதன் அதிர்வும் தசையின் அதிர்வும் ஒரே எல்லைக்குள் அமைவதால் இரண்டும் கலந்துவிடுகின்றன. சந்தையின் இரைச்சலில் ஒருவர் காதோடு பேசுவதைக் கேட்பது போன்ற வேலை இது.

எனினும் இச்சமிக்ஞைக்கு ஓர் அரிய சிறப்புண்டு. தசையில் மின்சாரம் தோன்றிய பின்னரே அதன் இழுவிசை பிறக்கின்றது. இரண்டிற்கும் இடையே ஒரு விநாடியின் நூறில் சில பங்கு நேரம் இருக்கின்றது. ஆகவே கால் அசையுமுன்னரே அது அசையப்போவதை யந்திரம் அறிந்துகொள்ளக்கூடும். அசைந்த பின் உதவுவதற்கும் அசையும்போதே உதவுவதற்கும் உள்ள வேறுபாடு, விழுவதற்கும் விழாமலிருப்பதற்கும் உள்ள வேறுபாடாகலாம்.

நடையின் ஒழுங்கு

தறியில் மிதிகட்டைகளை எந்த வரிசையில் மிதிக்கின்றோமோ அதற்கேற்பவே துணியின் நெசவு அமைகின்றது. வரிசை தவறினால் நெசவும் தவறும். நடையும் அத்தகையதே. ஒரு குதிகால் தரையைத் தொட்டதிலிருந்து அதே குதிகால் மீண்டும் தரையைத் தொடும்வரை உள்ள காலத்தை நடையின் ஒரு சுற்று எனக் கொள்வர். சாதாரண நடையில் அது ஏறத்தாழ ஒரு விநாடி. அதில் நூற்றுக்கு 60 பங்கு கால் தரையில் ஊன்றியிருக்கும். 40 பங்கு காற்றில் வீசும்.

குதிகால் ஊன்றும்போது முன்தொடைத் தசை முழங்காலை மடியாமல் தாங்குகின்றது. காலைப் பின்னுக்குத் தள்ளி உடலை முன்னே செலுத்தும்போது கெண்டைக்கால் தசை வேலை செய்கின்றது. பாதம் காற்றில் வீசும்போது விரல் தரையில் இடறாதபடி முழங்காலுக்குக் கீழே முன்புறமுள்ள தசை பாதத்தைத் தூக்கிப் பிடிக்கின்றது. படியேறும்போதும் இறங்கும்போதும் இந்த வரிசையும் அளவும் மாறுகின்றன. அம்மாற்றங்களை அடையாளம் கண்டால், மனிதன் என்ன செய்ய எண்ணுகின்றான் என்பதை அறியலாம் அல்லவா?

பூவைப் பிரித்த கணக்கு

அடையாளம் காணும் முறையைப் பருத்தி விளைவிப்போர் எளிதில் உணர்வர். பஞ்சின் தரத்தை ஒரே ஒரு குணத்தைக்கொண்டு முடிவு செய்வதில்லை. இழையின் நீளம், மென்மை, நிறம், தூசு ஆகிய யாவற்றையும் சேர்த்துப் பார்த்தே தரம் பிரிக்கின்றோம். இதனைக் கணக்காக்கித் தந்தவர் ஆங்கிலேயரான ஃபிஷர். இவர் 1919 முதல் 1933 வரை ரோதாம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியவர். ஐரிஸ் என்னும் பூவின் மூன்று இனங்களில் இனத்திற்கு 50 பூக்களை எடுத்து, புறவிதழ், அகவிதழ் இவற்றின் நீள அகலங்களாகிய நான்கு அளவுகளை ஒன்று சேர்த்து இனம் பிரிக்கும் வழியை 1936-இல் அவர் வெளியிட்டார்.

தசையின் சமிக்ஞையையும் இவ்வாறே அளக்கின்றனர். கனடாவின் நியூ பிரன்ஸ்விக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹட்ஜின்ஸ் முதலியோர், செயற்கைக் கையை இயக்குவதற்காக 1993-இல் சில எளிய அளவுகளை வகுத்தனர்: சமிக்ஞையின் சராசரிப் பருமன், அது பூஜ்யக் கோட்டைக் கடக்கும் தடவைகள், அதன் ஏற்ற இறக்கம் மாறும் தடவைகள், அலையின் மொத்த நீளம். பின்னர் இதே அளவுகள் காலுக்கும் பயன்பட்டன. விநாடிக்கு ஆயிரம் முறை அளந்து, விநாடியின் ஐந்தில் ஒரு பங்கு போன்ற சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டும் எவ்வகை நடைக்கு உரியது எனக் கணிப்பொறி தீர்மானிக்கின்றது.

காலில் ஒரு தொல்லை உண்டு. ஒரே நடையிலும், ஊன்றும் நேரத்துச் சமிக்ஞை வேறு, வீசும் நேரத்துச் சமிக்ஞை வேறு. ஆகையால் சிகாகோவின் மறுவாழ்வு மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2009-இல் வெளியிட்ட முறையில், குதிகால் தொடுமுன்னும் தொட்ட பின்னும், விரல் தரையை விட்டெழுமுன்னும் எழுந்த பின்னும் என நேரத்தைப் பிரித்து, ஒவ்வொன்றிற்கும் தனித்தனி விதி வகுத்தனர்.

தவறினால் யாருக்கு நஷ்டம்?

பஞ்சின் தரம் பிரிப்பதில் தவறு நேர்ந்தால் விலையில் நஷ்டம். அதனை அடுத்த பட்டியலில் சரிசெய்துகொள்ளலாம். நடையைப் பிரிப்பதில் தவறு நேர்ந்தாலோ, மனிதன் படியிலிருந்து விழுவான். ஆகவேதான் இங்கு எச்சரிக்கை மிகுதியாகத் தேவைப்படுகின்றது. நமது சங்கத்தில் ஒருவர் சொல்லை மட்டும் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றுவதில்லை அல்லவா? அதுபோல, அடுத்தடுத்து வரும் பல துண்டுகளின் முடிவுகளை வாக்குகளாகக் கொண்டு பெரும்பான்மைப்படி நடக்குமாறு கணிப்பொறியை அமைப்பதுண்டு. ஆனால் வாக்கெடுப்புக்கும் நேரம் செல்லும். ஒரு சுற்றுக்கே ஒரு விநாடி என்னும்போது அதிகம் காத்திருக்க இயலாது. விரைவும் உறுதியும் ஒன்றையொன்று இழுக்கின்றன. இரண்டிற்கும் இடையே சமன் காண்பதே இத்துறையின் பெருங்கஷ்டம்.

இன்னும் சில இடையூறுகளும் உள. வில்லை சிறிது நகர்ந்தாலும், வியர்த்தாலும், தசை களைத்தாலும் சமிக்ஞை மாறுகின்றது. பக்கவாதம் கண்டவர்களுக்கு மடக்கும் தசையும் நீட்டும் தசையும் ஒருங்கே இறுகுவதுண்டு. நலமுள்ள ஒருவரின் நடையைக்கொண்டு கற்ற யந்திரம் இவர்களது காலைப் புரிந்துகொள்வது அரிது. அவரவர் காலையே அது ஆசானாகக் கொள்ள வேண்டும். பாதத்தின் அழுத்தம், மூட்டின் கோணம் இவற்றை அளக்கும் கருவிகளின் சாட்சியத்தையும் சேர்த்துக்கொண்டால் நம்பகம் உயர்கின்றது. முழங்காலில் கால் அகற்றப்பட்ட ஒருவருக்கு, தொடைத் தசையின் சமிக்ஞையையும் யந்திரக் காலின் அளவுகளையும் இணைத்து, சமதளத்திலும் படியிலும் சரிவிலும் நடக்கச் செய்ததாக 2013-இல் சிகாகோ நிலையத்தார் அறிவித்தது இதற்குச் சான்று.

ஜப்பானின் அனுபவம்

தசைச் சமிக்ஞையால் இயங்கும் புறச்சட்டகங்களுள் பெயர்பெற்றது, ஜப்பானின் ட்சுகூபா பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்காய் உருவாக்கிய ஹால் என்பதாகும். அதனைத் தயாரிக்கும் சைபர்டைன் கம்பெனி 2004-இல் தொடங்கப்பெற்றது. தோலின் மீதுள்ள வில்லைகள் தரும் சமிக்ஞைக்கேற்ப அதன் இடுப்பு, முழங்கால் மோட்டார்கள் துணைசெய்கின்றன. தசை மெலிவு நோய்கள் சிலவற்றின் சிகிச்சைக்காக ஜப்பான் அரசு 2015-இல் அதற்கு அனுமதியளித்தது. அதற்கு ஆதாரமான மருத்துவச் சோதனையில், இரண்டு நிமிடங்களில் நோயாளிகள் நடக்கும் தூரம் சுமார் 10 சதவிகிதம் கூடிற்று.

இந்தப் பத்து சதவிகிதத்தை அற்பமென்று தள்ளவும் கூடாது. அற்புதமென்று கொண்டாடவும் கூடாது. நாளுக்கு நாள் குறைந்துவரும் நடை சிறிதேனும் கூடிற்று என்பது நோயாளிக்குப் பெரிது. ஆனால் எழவே இயலாதவர் எழுந்து ஓடினார் என்று எவரேனும் கூறுவாராயின் அது மெய்யன்று.

முதுகுத்தண்டு முற்றிலும் துண்டிக்கப்பட்டவர்களின் கால் தசைக்கு மூளையின் கட்டளை வந்து சேர்வதில்லை. கட்டளை இல்லாத இடத்தில் கேட்பதற்கு ஒன்றுமில்லை. அத்தகையோர்க்கு வேறு வகைச் சட்டகங்கள் உண்டு. அமெரிக்காவில் 2014-இல் வீட்டு உபயோகத்திற்கு அனுமதி பெற்ற ரீவாக் அவற்றுள் ஒன்று. அது உடல் முன்னே சாய்வதைக் குறிப்பாகக்கொண்டு அடியெடுத்து வைக்கின்றது. அணிபவர் ஊன்றுகோலும் கொள்ள வேண்டும்.

நாம் கேட்க வேண்டியவை

இத்தகைய கருவிகளைப் பற்றிய விளம்பரங்கள் நமது அங்கத்தினர்களின் பார்வைக்கும் வரும். குடும்பத்தில் ஒருவர் நடையிழந்து கிடக்கையில் கடன் வாங்கியேனும் வாங்கிவிடுவோம் என்று மனம் துடிப்பது இயல்பே. ஆயினும் பணம் கொடுக்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டுகின்றோம். நோயாளியின் காலில் இன்னும் தசைச் சமிக்ஞை இருக்கின்றதா என்று மருத்துவர் பரிசோதித்துச் சொன்னாரா? யந்திரம் நோயாளியின் சொந்த நடையைக் கற்றுக்கொள்கின்றதா, அல்லது எல்லோருக்கும் ஒரே நடையைத் திணிக்கின்றதா? அது தவறாகக் கணித்தால் விழாமற் காக்கும் ஏற்பாடு என்ன? இம்மூன்றிற்கும் தெளிவான விடை கிடைக்காதவரை, பயிற்சி சிகிச்சையாளரின் கையும் ஒரு நல்ல ஊன்றுகோலுமே சிறந்த துணை.

காலை யந்திரத்திடம் ஒப்படைப்பது இக்கலையின் நோக்கமன்று. காலில் மிச்சமிருக்கும் விருப்பம், அது எத்துணை மெல்லியதாயினும், கேட்கப்பட வேண்டும். கேட்ட அளவுக்கே யந்திரம் செயற்பட வேண்டும். விருப்பம் மனிதனுடையது, உழைப்பில் மட்டுமே யந்திரத்திற்குப் பங்கு என்னும் இம்முறையில் விஞ்ஞானம் வளர்ந்தால், தளர்ந்த கால்கள் பல மீண்டும் மிதிகட்டையையும் வரப்பையும் தொடும் என்று நம்புவதற்கு இடமுண்டு.