மூச்சு வாங்காத வரை பேச்சு

ஞாயிற்றுக்கிழமை காலை 5 மணிக்குத் திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே கிளம்பும் சைக்கிள் குழுக்களில், சைக்கிளைப் பற்றிய பேச்சு அதிக நேரம் நீடிப்பதில்லை. புது டயர், போன வாரத்துப் பஞ்சர், யாரோ கழற்றிவிட்டு மாட்டத் தெரியாமல் முழித்த செயின் என்று தொடங்கும். நீலாங்கரை தாண்டுவதற்குள் வீட்டுக்கும் ஆபீசுக்கும் திரும்பிவிடும். பிள்ளைக்கு ஸ்கூல் அட்மிஷன், அம்மாவின் முழங்கால் வலி, புதிதாக வந்த மேனேஜர், வீட்டுக் கடன், ஊரிலிருந்து வரப்போகும் மாமியார் என்று மகாபலிபுரம் வரைக்கும் இதுதான் ஓடும்.

இந்தப் பேச்சில் தகவல் குறைவு. போலந்தில் பிறந்த மானுடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1923-இல் வெளியான ஒரு கட்டுரையில், மனிதர்கள் பேசுவதில் ஒரு பகுதி எதையும் தெரிவிப்பதற்காக அல்ல, பேசுகிறவர்களை ஒருவரோடொருவர் இணைத்து வைப்பதற்கே என்று விளக்கினார். பக்கத்து வீட்டுக்காரரிடம் 'சாப்பிட்டாச்சா?' என்று கேட்பவர் அந்த வீட்டுச் சமையலைப் பற்றி விசாரிக்கவில்லை. சைக்கிள்காரர்களிடம் அதற்கு ஈடான கேள்வி, 'தூங்கினீங்களா?' 5 மணிக்குச் சாலையில் நிற்க வேண்டுமென்றால் நாலரைக்காவது எழுந்தாக வேண்டும். முந்தின இரவு எத்தனை மணிக்குப் படுத்தார் என்று சொல்லும்போதே ஒருவருடைய வீடும் வேலையும் பாதி வெளியே வந்துவிடும். கைக்குழந்தை இருக்கிறதா, சனிக்கிழமை ராத்திரியிலும் வேலை வாங்கும் கம்பெனியா, கல்யாண ரிசப்ஷனுக்குப் போய்விட்டு நேரங்கழித்துத் திரும்பினாரா என்பதெல்லாம் அந்த ஒரு பதிலில் அடக்கம்.

பேச்சு எங்கே வளரும், எங்கே அறுந்துபோகும் என்பதைத் தீர்மானிப்பது காற்று. சமதரையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் மிதிக்கிறவரின் பலத்தில் பெரும்பங்கு காற்றை விலக்குவதற்கே செலவாகிறது. காற்றுத் தடை வேகத்தின் இருமடியாக ஏறும். அதை வெல்வதற்கான திறனோ மும்மடியாக ஏறும். மணிக்கு 20-இலிருந்து 30 கிலோமீட்டருக்குப் போனால், காற்றுக்காக மட்டும் மூன்று மடங்குக்கு மேல் உழைக்க வேண்டும். முன்னால் போகிறவரின் முதுகை ஒட்டியே பின்னால் போகிறவருக்கு இந்தத் தடை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும். ஆகவே குழுவில் கதை சொல்கிறவர்கள் எப்போதும் நடுவிலும் பின்னாலும்தான் இருப்பார்கள். முன்னால் இழுப்பவருக்குப் பேச மூச்சு கிடையாது. அவர் பேசினாலும் பின்னால் வருகிறவர் காதில் காற்றின் இரைச்சல்தான் விழும்.

உடற்பயிற்சித் துறையில் 'பேச்சுச் சோதனை' என்று ஒன்று உண்டு. பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் உழைப்பு மிதமானது. நடுவில் மூச்சு வாங்காமல் நாலைந்து வார்த்தைக்கு மேல் சொல்ல முடியவில்லை என்றால் கடுமையானது. பேசுவதற்கு வெளிமூச்சை நீட்டி, அளந்து விட வேண்டும். கரியமில வாயுவை வெளியேற்ற உடம்பு அவசரப்படும்போது அப்படி நீட்ட முடியாது. கருவி எதுவும் தேவையில்லாத சோதனை என்பதால் குழுவை நடத்துகிறவர்கள் இதைத் தெரிந்தும் தெரியாமலும் பயன்படுத்துகிறார்கள். இதுவரை தம் சின்ன மகளின் குறும்பை விரிவாகச் சொல்லிக்கொண்டு வந்த புதியவர் 'ம்', 'ஆமா' என்று சுருங்கிவிட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று அர்த்தம். அவரைக் கேட்டுப் பயனில்லை. 'முடியல' என்று யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

இதே கணக்கில் பருவமும் சேர்கிறது. மார்கழி, தை மாதங்களில் வடகிழக்குக் காற்று போகும்போது முதுகைத் தள்ளும், திரும்பும்போது முகத்தில் அடிக்கும். கோடையில் தென்காற்று இதைத் தலைகீழாக்கிவிடும். நீண்ட கதைகள் ஜனவரியில் போகும் வழியிலும் மே மாதத்தில் திரும்பும் வழியிலும் சொல்லப்படுகின்றன.

போக்குவரத்து குறைவான விடியற்காலையில் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து போவார்கள். பின்னால் பஸ் ஹாரன் கேட்டால் ஒற்றை வரிசை. மறுபடி ஜோடி சேரும்போது பக்கத்தில் வருகிறவர் வேறு ஆளாக இருக்கலாம். கதையின் முதல் பாதியைக் கேட்டவர் ஒருவர், இரண்டாம் பாதி கிடைத்தவர் இன்னொருவர். அதற்காக யாரும் வருத்தப்படுவதில்லை.

பக்கத்தில் வருகிறவரின் முகத்தைப் பார்க்க முடியாது என்பதுதான் இந்தப் பேச்சின் பெரிய வசதி. இரண்டு பேரின் கண்ணும் சாலையில் இருக்கிறது. நடுவே இரண்டு நிமிடம் மௌனம் விழுந்தாலும் சங்கடமில்லை, ஏற்றமோ லாரியோ அதற்குக் காரணமாகிவிடும். ஆஸ்திரேலியாவில் 1990-களில் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவிய 'மென்ஸ் ஷெட்' என்ற பொதுப் பட்டறைகள் இந்த வசதியை நம்பி நடப்பவை. ஓய்வு பெற்ற ஆண்களை எதிரெதிரே உட்காரவைத்து மனதில் உள்ளதைச் சொல்லுங்கள் என்றால் வாய் திறக்கமாட்டார்கள். பக்கத்தில் பக்கத்தில் நின்று பலகை இழைக்கும்போது தாமாகவே சொல்லிவிடுவார்கள். முட்டுக்காடு பாலத்தை நெருங்கும்போது காதில் விழும் பேச்சு பெரும்பாலும் இந்தப் பாணியில் இருக்கும்:

"ரெண்டு மணி வரைக்கும் ரிலீஸ் வேலை பாஸ். வருவேன்னே நினைக்கல."

"பேசாம தூங்கியிருக்கலாம்ல?"

"வீட்ல இருந்தா தூங்க விடுவாங்களா? வாஷிங் மெஷின் ரிப்பேர்க்கு ஆள் வர்றான். ஒன்பது மணிக்குள்ள போகணும்."

"பள்ளம்! ... எங்க கம்பெனில ஆளைக் குறைக்கிறாங்க."

"உங்க டீம்லயா?"

"பக்கத்து டீம். அடுத்து யாருன்னு தெரியல."

'பள்ளம்' என்பது பின்னால் வருகிறவர்களுக்கான எச்சரிக்கை. கையை நீட்டிக் காட்டியபடியே சொல்லப்படுவது. வாஷிங் மெஷினுக்கும் பள்ளத்துக்கும் இடையில், வேலை போய்விடுமோ என்ற பயம் வெளியே வந்துவிட்டது. ஹோட்டல் மேஜையில் இதைச் சொல்லியிருந்தால் எதிரே இருப்பவர் ஆறுதலோ அறிவுரையோ தந்தாக வேண்டும். இங்கே கியர் மாற்றினால் போதும்.

வீட்டைப் பற்றிய பேச்சில் ஆண்களிடம் அடிக்கடி வருவது 'பர்மிஷன்'. மனைவியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு வந்ததாகச் சொல்லிக்கொள்வது பழகிப்போன வேடிக்கை. ஒருவரிடம் இருக்க வேண்டிய சைக்கிள்களின் சரியான எண்ணிக்கை, இப்போது இருப்பதோடு ஒன்று என்ற உலகப் பொதுவான ஜோக்கும் கூடவே வரும். லட்சத்தைத் தாண்டிய வண்டிக்கு வீட்டில் என்ன விலை சொல்லப்பட்டது என்பது அடுத்தது. சிரிப்பு வந்த காலம் போய்விட்டது, ஆனாலும் விடமாட்டார்கள். பெண்கள் பேசிக்கொள்வதில் பர்மிஷன் இல்லை, ஏற்பாடு இருக்கிறது: மாவு ஃபிரிட்ஜில், சட்னி அரைத்து மூடிவைத்தாயிற்று, குழந்தை எழுந்தால் பாட்டி பார்த்துக்கொள்வார், பால் பாக்கெட்டை எடுக்கச் சொல்லி ஒரு மெசேஜ். அதே பயணத்துக்கு இரண்டு விதமான விலை கொடுக்கப்படுகிறது என்பதை இந்த இரண்டு பேச்சுகளையும் அடுத்தடுத்துக் கேட்டாலே புரியும். நீண்ட நாள் ஓடும் குழுக்களில் ஆண்களும் மாவைப் பற்றிப் பேசத் தொடங்கியிருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

வேலையைப் பற்றிய பேச்சுக்கு நேரடிப் பலன் உண்டு. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர், பாஸ்டனை அடுத்த நியூட்டன் நகரில், தெரிந்தவர்கள் மூலமாகப் புது வேலை கிடைத்தவர்களை விசாரித்தார். தகவல் தந்தவரை அந்த நாட்களில் அடிக்கடி சந்தித்ததாகச் சொன்னவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது சந்தித்ததாக 55.6 சதவீதம் பேரும், மிக அரிதாகச் சந்தித்ததாக 27.8 சதவீதம் பேரும் சொன்னார்கள். 1973-இல் வெளியான அந்தக் கட்டுரை சொன்ன காரணம் எளிது. நெருங்கிய நண்பருக்குத் தெரிந்ததெல்லாம் நமக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும். வேறு வட்டத்தில் புழங்குகிற, அரைகுறைப் பழக்கமுள்ள ஆளிடம்தான் புதுச் செய்தி இருக்கும். வாரம் ஒருமுறை மட்டும் சந்திக்கும் சைக்கிள் குழு அப்படிப்பட்ட பழக்கங்களின் கூட்டம். மென்பொருள்காரர், பல் மருத்துவர், வங்கி அதிகாரி, கல்லூரி மாணவர், வாடகைக் கார் நடத்துகிறவர் என்று ஒரே ஆபீசில் சேரவே வாய்ப்பில்லாதவர்கள் ஒரே வரிசையில் மிதிக்கிறார்கள். ஹெல்மெட்டும் ஜெர்சியும் பதவியை மறைத்துவிடுகின்றன. கூப்பிடுவதும் 'ப்ரோ', 'பாஸ்', வயது கூடியவரானால் 'அண்ணா' அல்லது 'சார்'. வேலை தேடுவதாக ஒருவர் கோவளம் தாண்டிச் சொன்னால், ரெஸ்யூமே அனுப்பச் சொல்லி டிஃபன் கடையிலேயே ஒருவர் கேட்பது நடக்கிறது.

டிஃபன் கடையில் பேச்சின் அமைப்பே மாறிவிடும். பொங்கல், வடை, காபி வருவதற்குள் மேஜையைச் சுற்றி எட்டுப் பேர் உட்கார்ந்தால் பேச்சு இரண்டாகவோ மூன்றாகவோ பிரியும். பிரிட்டிஷ் மானுடவியலாளர் ராபின் டன்பாரும் அவருடைய சகாக்களும் 1995-இல் வெளியிட்ட ஆய்வின்படி, தன்போக்கில் நடக்கும் உரையாடலில் ஒரே நேரத்தில் நான்கு பேருக்கு மேல் நிலைப்பது அரிது. ஐந்தாவது ஆள் சேர்ந்தால் விரைவில் அது உடையும். சாலையில் தனியாகச் சொன்ன கவலை இங்கே பெரும்பாலும் வருவதில்லை. இங்கே கேலி, அரசியல், கிரிக்கெட். சாலையில் கேட்டதை மேஜையில் எடுத்துவிடுகிற ஆள் எந்தக் குழுவிலும் ஒருவர் இருப்பார். அடுத்த வாரம் அவர் பக்கத்தில் ஜோடி சேர ஆள் கிடைப்பது கஷ்டம்.

சேர்ந்து உழைப்பதற்கும் நெருக்கத்துக்கும் உடம்பிலேயே தொடர்பு இருக்கலாம். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் படகோட்டிகளிடம் நடந்து 2010-இல் வெளியான சிறு ஆய்வில், தனியாகத் துடுப்பு வலித்த நாளைவிட அணியாகச் சேர்ந்து வலித்த நாளில் வலி தாங்கும் திறன் அதிகம் உயர்ந்திருந்தது. உழைப்பின் அளவு இரண்டு நாளும் ஏறக்குறைய ஒன்றுதான். இதை எண்டோர்ஃபின் என்னும் இயற்கை வலிநிவாரணி கூடுதலாகச் சுரந்ததன் அடையாளமாக ஆய்வாளர்கள் கருதினார்கள். அது மனிதர்களிடையே பிணைப்பையும் வளர்க்கும் பொருள். வெறும் 12 பேரை வைத்துச் செய்த சோதனை என்பதை மறக்கக் கூடாது. ஆனால் 50 கிலோமீட்டர் சேர்ந்து மிதித்தவர்கள் இறங்கியதும் இத்தனை தாராளமாகப் பேசுவது ஏன் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எளிதில் கிடைக்காது.

ஆபத்தும் உண்டு. பேச்சு சுவாரஸ்யமாகும்போது பின்னால் வருகிறவரின் முன்சக்கரம், முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நுழைந்துவிடும். இரண்டும் உரசினால் முன்னவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, விழுகிறவர் பின்னவர். சைக்கிள் விழாமல் நிற்பதே முன்சக்கரத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பிச் சரிசெய்துகொண்டே இருப்பதால்தான். அந்தத் திருப்பலைத் தடுத்துவிட்டால் ஒரு நொடியில் கீழே. அதனால் பழகியவர்கள் பதில் சொல்லும்போதும் பக்கத்தில் திரும்புவதில்லை.

இரவுப் பயணத்தில் பேச்சு பொழுதுபோக்காக இருப்பதில்லை, தேவையாகிவிடுகிறது. பாரிஸில் 1904-இல் தோன்றிய ஆடாக்ஸ் கிளப் பாரிசியனின் விதிகளைப் பின்பற்றிச் சென்னையிலிருந்தும் நடத்தப்படும் 'பிரெவே' பயணங்களில் 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள்ளும், 300-ஐ 20 மணி நேரத்துக்குள்ளும், 400-ஐ 27, 600-ஐ 40 மணி நேரத்துக்குள்ளும் முடிக்க வேண்டும். 400-க்கு மேல் இரவு தப்பாது. சொந்த வண்டியில் ஆட்கள் பின்தொடர்ந்து உதவ அனுமதியில்லை, குறிப்பிட்ட சோதனைச் சாவடிகளில் மட்டும் உதவி பெறலாம். விடியற்காலை 2 மணிக்குக் கண் சொருகும்போது கூட வருகிறவரின் குரல்தான் துணை. அந்த நேரத்தில் சொத்துத் தகராறு, முறிந்த கல்யாணப் பேச்சு, பிள்ளைகளிடம் சொல்லாத நோய் என்று எதுவும் வரும். கேட்கிறவர் முந்தின மாலை அறிமுகமானவராகவும் இருக்கலாம். அனுபவசாலிகள் மாலையிலேயே வேகம் ஒத்துவரும் ஒருவரைப் பார்த்துவைத்துக்கொள்வார்கள். கொஞ்சம் மெதுவாகப் போகிறவராக இருந்தாலும் பரவாயில்லை, வாயைத் திறக்காதவரோடு மட்டும் இரவில் சேர்வதில்லை.