பாட்டரிக்கு ஒரு காவல்காரன்!

ரிப்பேர் கடையில் செல்போன் பாட்டரியைக் கழற்றும்போது கவனித்துப் பாருங்கள். அதன் தலைமாட்டில் ஒரு சின்னஞ்சிறு சர்க்யூட் இருக்கும். அதுதான் தீயைத் தடுக்கும் காவல்காரன்!

லித்தியம் அயன் பாட்டரி 1991-ல் விற்பனைக்கு வந்தது. அதற்கு வழிகோலிய விஞ்ஞானிகள் மூவருக்கு 2019-ல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்களில் ஒருவரான ஜான் குட்இனஃபுக்கு அப்போது வயது 97!

இந்தப் பாட்டரி உருவத்தில் சிறிது, சக்தியில் பெரிது. சாதாரண ரகத்துக்கு 4.2 வோல்ட்தான் எல்லை. அதைத் தாண்டினால் சூடு ஏறும், வாயு உண்டாகும், தீயும் பிடிக்கலாம்.

அளந்து கொடுக்கிறது

அதனால், போனுக்குள் இருக்கும் சார்ஜ் சர்க்யூட் முதலில் மின்சாரத்தை ஒரே சீராகப் பாய்ச்சுகிறது. எல்லையை எட்டியதும் வோல்ட்டை உயர விடாமல் பிடித்துக்கொண்டு, மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறது. கடைசிப் பகுதி ஏற நேரம் ஆவது இதனால்தான்.

அந்த சர்க்யூட் தவறினால்? காவல்காரன் இணைப்பையே துண்டித்துவிடுவான்.

உள்ளே பழுது என்றால்?

ஆனால் பாட்டரிக்குள்ளேயே பழுது என்றால், வாசலில் நிற்கும் காவல்காரன் என்ன செய்வான்? 2016-ல் 'கேலக்சி நோட் 7' போன்கள் சில தீப்பிடித்தன. சாம்சங் கம்பெனி அந்தப் போன் தயாரிப்பையே நிறுத்தியது. பாட்டரியில் இருந்த குறைகளே காரணம் என்று 2017-ல் அறிவித்தது.

ஆகவே, பாட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடாதீர்கள், குத்திப் பார்க்காதீர்கள், உடனே மாற்றுங்கள். மலிவு என்று போலிப் பாட்டரி வாங்காதீர்கள். அதில் காவல்காரனே இல்லாமல் இருக்கலாம்!