அடைகாக்காத பறவையின் முட்டை எங்கே பொரிகிறது?

2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேருக்கு எதிரே இருக்கும் ராஸ் தீவுக்கு 2018இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று பெயர் மாற்றினார்கள். அங்கே படகை விட்டு இறங்கினால் புள்ளிமான்கள் கைக்கெட்டும் தூரத்தில் மேய்கின்றன. அந்தமான் அவற்றின் பூர்வீகம் அல்ல, ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்டவை. புலியும் சிறுத்தையும் இல்லாத ஊர் என்பதால் நன்றாகவே பெருகிவிட்டன.

இதே மான் புலி உலவும் முதுமலைக் காட்டில் ஈன்றால் கதை வேறு. தாய் குட்டியை நக்கித் துடைத்து வாடையைப் போக்கும். குட்டி புதரிலோ உயர்ந்த புல்லிலோ அசையாமல் படுத்திருக்க, தாய் மேயப் போய்விட்டுப் பாலூட்டத் திரும்பி வரும். அந்த மறைவிடத்தில் ஆபத்து தெரிந்தால் இடம் மாறிக்கொள்ளலாம்.

அப்படி இடத்தை மாற்றவே முடியாத ஒரு தாய் நிக்கோபாரில் இருக்கிறது. மெகாபோட் என்ற பறவை அது. கோழி அளவுதான், ஆனால் கால்கள் தடித்துப் பெருத்தவை. பெயருக்கே பெரும்பாதம் என்றுதான் பொருள். இது அடைகாப்பதும் இல்லை, குஞ்சு வளர்ப்பதும் இல்லை. முட்டையைப் புதைத்துவிட்டு நடையைக் கட்டிவிடும்.

அப்படியானால் சூடு எங்கிருந்து வருகிறது? கிராமத்து எருக்குழியைக் கிளறியவர்களுக்கு விடை தெரியும். கடற்கரை மணல், பவளத் துகள், சருகு எல்லாவற்றையும் காலால் வாரி இறைத்துப் பறவை ஒரு மேடு கட்டுகிறது. உள்ளே சருகு மட்கும்போது கிளம்பும் வெப்பத்தில்தான் முட்டை பொரிகிறது. ஈரம் குறைந்தால் சருகு மட்காது. நீர் தேங்கினால் மேடு குளிர்ந்துவிடும். மணல் இளகியதாக இருக்க வேண்டும், சருகு உதிர்க்கும் மரங்களும் பக்கத்திலேயே வேண்டும். இத்தனையும் கூடிவருவது கரையை ஒட்டிய காட்டில்தான். ஆகவே பெரும்பாலான மேடுகள் அலைக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. நல்ல மேடு கிடைத்தால் ஒன்றுக்கு மேற்பட்ட ஜோடிகள் அதைப் பங்கு போட்டுக்கொள்வதும் உண்டு.

கோழிமுட்டை பொரிய 21 நாள் போதும். இதற்கு 70 நாளுக்கு மேல் ஆகும். அதற்குள் உடும்பு தோண்டாமல் இருந்தால், முழுச் சிறகோடு ஒரு குஞ்சு மண்ணைக் கிளறிக்கொண்டு மேலே வரும். வரவேற்க யாரும் இருக்க மாட்டார்கள்.

கோயம்புத்தூரில் உள்ள சாலிம் அலி பறவையியல் மையத்தின் ரவி சங்கரன் 1990களில் தீவு தீவாகச் சென்று இந்த மேடுகளைக் கணக்கெடுத்தார். பிறகு 2004 டிசம்பர் 26 வந்தது. சுனாமி வழித்துக்கொண்டு போனது அதே கரையோரப் பட்டையைத்தான். பெரிய நிக்கோபாரின் தென்முனையான இந்திரா முனையில் நிலமே 4 மீட்டருக்கு மேல் தாழ்ந்தது; கலங்கரை விளக்கத்தின் அடியில் கடல் நின்றது. அதன் பின் நடந்த ஆய்வுகள் மெகாபோட்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்ததாகக் கூறின. தப்பியவை புதிய கரையில் மீண்டும் மேடு கட்டத் தொடங்கின.

இந்த முறை வந்திருப்பது அலை அல்ல. பெரிய நிக்கோபாரில் இந்தப் பறவை மேடு கட்டும் கலத்தியா விரிகுடாவில் பெரிய துறைமுகம் திட்டமிடப்பட்டிருக்கிறது. அதற்கு வழிவிட, விரிகுடாவுக்கு இருந்த சரணாலயத் தகுதி 2021 ஜனவரியில் நீக்கப்பட்டது. மறு ஆண்டு மெஞ்சல் என்ற சிறு தீவை மெகாபோட் சரணாலயமாக அறிவித்தார்கள். சரணாலயத்தை அரசாணையில் இடம் மாற்றலாம். கலத்தியா மணலில் புதைந்திருக்கும் முட்டைக்கு அந்த வசதி கிடையாது.