வைட்டமின் டி-யும் சர்க்கரை நோயும்

சூரிய கிரணங்களோடு வரும் புற ஊதாக் கதிர் நம் தோலில் பட்டவுடன், அங்குள்ள ஒருவகைக் கொழுப்புப் பொருள் உருமாறி, பின்னர் கல்லீரலில் ஒருமுறையும் சிறுநீரகத்தில் மறுமுறையும் பக்குவமடைந்து, சரீரத்துக்குப் பயன்படும் வைட்டமின் டி என்னும் ஜீவசத்தாகிறது. எலும்புக்கு உறுதி தருவதே இதன் பிரதான காரியம் என்று நெடுங்காலம் கருதியிருந்த விஞ்ஞானிகள், இச்சத்துக் குன்றிய எலிகளின் கணையம் இன்சுலினைக் குறைவாகவே சுரக்கிறது என்பதை 1980-இல் கண்டறிந்தது முதல், சர்க்கரை நோய்க்கும் இதற்கும் உள்ள சம்பந்தத்தை ஊன்றி ஆராயலாயினர்.

இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உற்றவர் பலரது இரத்தத்தில் இச்சத்து குறைந்திருப்பது மெய்யே. ஆயினும் இரண்டும் சேர்ந்து காணப்படுவதனாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. பருத்த சரீரத்தின் கொழுப்பு இச்சத்தைத் தன்னுள் தேக்கிக்கொள்கிறது; வீட்டுக்குள்ளேயே அடைந்திருப்போர்க்கு வெயிலும் கிட்டுவதில்லை, தேகப் பயிற்சியும் வாய்ப்பதில்லை; ஆகவே, ஒரே வேரினின்று இக்குறைவும் அந்நோயும் இரு கிளைகளாகத் தோன்றியிருத்தலும் கூடும்.

இச்சந்தேகத்தைத் தீர்ப்பதற்காக அமெரிக்காவில் நடத்தப்பெற்ற பெரும் பரிசோதனையின் முடிவு 2019-இல் வெளியாயிற்று. நோயின் வாசலில் நின்ற 2,423 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு நாள்தோறும் 4,000 யூனிட் வைட்டமின் டி-யும், மற்றவர்க்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் கொடுத்துச் சுமார் இரண்டரை ஆண்டு கவனித்ததில், முன்னவருள் 293 பேருக்கும் பின்னவருள் 323 பேருக்கும் நோய் கண்டது. இது தற்செயலாகவும் நேரக்கூடிய வித்தியாசமே. ஆனால், பங்குகொண்டோரில் பெரும்பாலோர் இச்சத்தில் குறைவில்லாதவர்கள் என்பதை நாம் மறக்கலாகாது. இப்பரிசோதனையையும், நார்வேயிலும் ஜப்பானிலும் நடந்த இரு பரிசோதனைகளையும் ஒருங்கே கணித்து 2023-இல் வெளியான ஆய்வு, மூன்றாண்டுகளில் நூற்றுக்கு ஏறக்குறைய மூவர் இச்சத்தினால் நோயினின்று தப்புவர் என்று காட்டிற்று.

ஆகவே பலன் உண்டு. ஆனால் அது சொற்பம், அதுவும் நோய் வருமுன். நோய் வந்தபின் இரத்தச் சர்க்கரையைத் தணிப்பதில் இதன் சக்தி அற்பமே. அளவு மீறி உட்கொண்டாலோ, இரத்தத்தில் கால்சியம் மிகுந்து சிறுநீரகத்துக்குத் தீங்கு விளையும். இச்சத்துக் குறைந்தவர்கள் வைத்தியரின் யோசனைப்படி அக்குறையை அவசியம் நிரப்பிக்கொள்ளட்டும். மற்றபடி, மித உணவையும் நடைப்பயிற்சியையும் வைத்தியர் தந்த மருந்தையும் கைவிட்டு, இம்மாத்திரை ஒன்றையே நம்பியிருப்பது உயிருக்கு நாமே தேடிக்கொள்ளும் ஆபத்தாகும்.