இதயத் துடிப்புக் கோளாறுகளில் கதீட்டர் அப்லேஷன் சிகிச்சை: குணமும் கட்டுப்பாடும்

ஆய்வுச் சுருக்கம்

உயிருக்கு ஊறு விளைக்கும் இதயத் துடிப்புக் கோளாறுகளுக்குக் கதீட்டர் அப்லேஷன் இன்று முதன்மையான சிகிச்சைகளுள் ஒன்றாக விளங்குகிறது. அதன் பயன் கோளாற்றின் மூலக் காரணத்தைப் பொறுத்து வேறுபடுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

முன்னுரை

இதயத்தின் வலது மேலறையிலுள்ள சைனஸ் கணு எழுப்பும் மின்தூண்டல், மேலறைகளைக் கடந்து கீழறைகளை அடைகிறது. இவ்வொழுங்கு குலைந்து கீழறையிலேயே மின்சுழற்சி தோன்றினால், துடிப்பு நிமிடத்திற்கு 150 முதல் 200 வரை உயரக்கூடும். இது கீழறை மிகைத்துடிப்பு எனப்படும். இது கீழறை நடுக்கமாக மாறின், குருதியோட்டம் நின்று சில நிமிடங்களில் உயிர் பிரியும். சென்னைப் பாலவாக்கத்திலோ வேறெங்கோ ஒருவர் இவ்வாறு வீழ்ந்தால், 108 ஊர்தி வரும்வரை அருகிலிருப்போர் செய்யும் மார்பு அழுத்தமும், பின்னர் தரப்படும் மின்னதிர்ச்சியுமே அவரைக் காக்கும். கோளாறு மீண்டும் எழாமல் தடுப்பதே அப்லேஷனின் பணியாகும்.

சிகிச்சை முறை

தொடை நாளத்தின் வழியே கதீட்டர் எனப்படும் நுண்குழாய் இதயத்தினுள் செலுத்தப்படுகிறது. அதன் முனையிலுள்ள மின்வாய்கள் கோளாறு தோன்றும் இடத்தைக் கண்டறிகின்றன. பின்னர் வானலை மின்னோட்டத்தால் அவ்விடத்துத் திசு ஏறத்தாழ 50 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கப்பட்டு, மின்சாரத்தைக் கடத்தாத வடுவாகிறது. 'அப்லேஷன்' என்பதை 'நீக்கம்' எனத் தமிழாக்கும்போது, தசை வெட்டி எடுக்கப்படுவதாகப் பொருள் கொள்ள இடமுண்டு. உண்மையில் திசு இருந்த இடத்திலேயே செயலிழக்கச் செய்யப்படுகிறது.

1982இல் அமெரிக்காவில் மெல்வின் ஷைன்மேன் குழுவினர் கதீட்டர் வழி நேர்மின்னோட்ட அதிர்ச்சி தந்து இச்சிகிச்சையை மனிதரிடம் மேற்கொண்டனர். 1980களின் பிற்பகுதியில் வானலை ஆற்றல் பயன்பாட்டுக்கு வந்தபின், குறிப்பிட்ட சிறு இடத்தை மட்டும் கட்டுப்பாட்டுடன் செயலிழக்கச் செய்வது எளிதாயிற்று.

முழுக் குணம் தரும் நிலை

பிறவியிலேயே அமைந்த கூடுதல் மின்பாதையால் விளையும் வுல்ஃப்-பார்க்கின்சன்-வைட் கோளாற்றில், அப்பாதையைத் துண்டித்தால் பெரும்பாலோர் முழுமையாகக் குணமடைகின்றனர். இதயம் வேறு வகையில் நலமாயுள்ள இளையோரிடம் இடது கீழறை மின்கற்றையில் தோன்றும் மிகைத்துடிப்பும் இத்தகையதே.

கட்டுப்பாடு மட்டும் தரும் நிலை

மாரடைப்புக்குப் பின் தசையில் எஞ்சும் வடு, பல மின்சுழற்சிகளுக்கு இடமளிக்கும். ஆகவே ஓரிடத்தைச் சுட்டாலும் வேறிடத்தில் கோளாறு எழலாம். 2016இல் வெளிவந்த 'வானிஷ்' ஆய்வில், உட்பொருத்திய அதிர்வுக்கருவியுடனும் மருந்து பெற்றும் மிகைத்துடிப்பு நீடித்த 259 மாரடைப்பு நோயாளிகள் இடம்பெற்றனர். இறப்பு, மிகைத்துடிப்புப் புயல், கருவியின் அதிர்ச்சி ஆகியவற்றுள் ஒன்றேனும் நேர்ந்தோர் அப்லேஷன் பிரிவில் 59.1 விழுக்காடு, மருந்தை மிகுத்த பிரிவில் 68.5 விழுக்காடு. இறப்பு வீதத்தில் மட்டும் இரு பிரிவினரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இத்தகையோருக்கு அப்லேஷனுக்குப் பின்னும் அதிர்வுக்கருவி தேவைப்படுவதன் காரணம் இதனால் புலனாகும்.

இந்தியச் சூழல்

மாரடைப்பு இன்றியும் மிகைத்துடிப்பு தோன்றலாம். 2011இல் ஐதராபாத் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு, இதயத்தின் இயக்கத்திறன் குறையாத சிலரிடம் நெஞ்சிடை நிணநீர்க் கணுக்கள் வீங்கியிருந்ததையும், அழற்சி முடிச்சுகளே கோளாற்றின் மூலமாக இருந்ததையும் காட்டியது. காசநோயும் சார்காய்டோசிசும் இவற்றின் காரணங்களாகும். முன்னதற்குக் காசநோய் எதிர்மருந்தும், பின்னதற்கு ஸ்டீராய்டும் அடிப்படைச் சிகிச்சைகள். அழற்சி தணியாத நிலையில் அப்லேஷனை மட்டும் செய்தால், புதிய இடங்களில் கோளாறு மீளக்கூடும். காசநோய் மிகுந்த நாட்டில் இவ்வையம் எழுவது நோயாளிக்கு நன்மை பயக்கும்.

முடிவுரை

குருதிக் கசிவு, இதய உறையில் குருதி தேங்கல், பக்கவாதம், இயல்பான மின்பாதை பழுதுபட்டுப் பேஸ்மேக்கர் தேவைப்படல் ஆகியன அரிதாக நேரும் சிக்கல்கள். இவற்றுடன், தமக்குக் கிடைக்கவிருப்பது முழுக் குணமா கட்டுப்பாடா என்பதையும் நோயாளி அறிந்தே ஒப்புதல் தருதல் வேண்டும். அதற்குக் கோளாற்றின் காரணம் சிகிச்சைக்கு முன்னரே ஆராயப்படுதல் இன்றியமையாதது.